பெயிண்டுக்கு முன்னால் பேப்பர்: ஊரில் கிடக்கும் தாத்தாவின் புல்லட்

கேள்வி சுருக்கமாக இதுதான். மன்னார்குடி வீட்டுக் கொல்லையில், தாத்தா 1968-இல் வாங்கிய 350 புல்லட் இருபது ஆண்டுகளுக்கு மேலாகக் கிடக்கிறது. ஆர்.சி. என்னும் பதிவுப் புத்தகத்தில் பாதியைக் கறையான் தின்றுவிட்டது. தாத்தா 1994-இல் தவறினார், அப்பா 2015-இல். ஊரில் இருக்கும் சித்தப்பா மகன் வண்டியைப் பிரித்துப் புதுப்பிக்கத் தொடங்கிவிட்டார். கேட்பவர் சிங்கப்பூரின் ஆங் மோ கியோவில் இருக்கும் நிரந்தரவாசி, இந்தியக் கடவுச்சீட்டுக்காரர். வண்டியைத் தம் பெயருக்கு மாற்ற முடியுமா, சிங்கப்பூருக்குக் கொண்டுவந்து ஓட்ட முடியுமா, அது நடக்காவிட்டால் விடுமுறையில் ஊரிலாவது ஓட்டலாமா என்று கேட்கிறார்.

இன்றைக்கே சித்தப்பா மகனுக்குப் போன் போட்டு, கிரைண்டரையும் வயர் பிரஷையும் ஓரமாக வைக்கச் சொல்லுங்கள். ஆர்.சி. புத்தகம் கறையானுக்குப் போனாலும் அலுவலகப் பதிவேட்டிலிருந்து மீட்கலாம். பிரேமில் குத்தியிருக்கும் எண் தேய்ந்துபோனால், கையில் எத்தனை காகிதம் இருந்தாலும் அது எந்த வண்டியின் காகிதம் என்று நிரூபிக்க முடியாது. புதுப்பிக்கும் வேலையில் முதல் வாரத்திலேயே நடக்கும் தவறு இது. துரு நீக்குகிறேன் பேர்வழி என்று அந்த இடத்தையும் சேர்த்துத் தேய்த்துவிடுவார்கள்.

அந்தக் காலப் புல்லட்டில் பிரேம் எண் ஹேண்டில்பார் தண்டு நுழையும் தலைக்குழாயின் பக்கவாட்டில் இருக்கும். எஞ்சின் எண் கிராங்க் கேஸில். ஐம்பது வருடக் கிரீஸும் மூன்று நான்கு அடுக்குப் பெயிண்டும் அதை மூடியிருக்கும். மண்ணெண்ணெய் ஊற்றித் துடைத்துவிட்டு, பெயிண்ட் ரிமூவரைத் தடவிப் பத்து நிமிடம் விட்டு, மென்மையான பித்தளை பிரஷால் எடுக்க வேண்டும். எண் தெரிந்ததும் பக்கத்தில் ஓர் அளவுகோலை வைத்து, பக்கவாட்டு வெளிச்சத்தில் படம் எடுங்கள். பிறகு மெல்லிய தாளை வைத்து மென்மையான பென்சிலால் தேய்த்து அச்சு எடுங்கள். ஆர்.டி.ஓ. எனப்படும் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் இதைத்தான் பென்சில் பிரிண்ட் என்று கேட்பார்கள். ஐந்தாறு பிரதி எடுத்து வையுங்கள். ஒவ்வொரு விண்ணப்பமும் ஒன்றைக் கேட்கும்.

சாண்ட் பிளாஸ்டிங் கொடுக்கும்போது அந்த இடத்தின்மேல் கனமான ரப்பர் துண்டோ தகடோ கட்டி அனுப்ப வேண்டும். மணல் எழுத்தின் விளிம்புகளை மழுக்கிவிடும். பவுடர் கோட்டிங்கில் ஆபத்து வேறு மாதிரி. அது 60 முதல் 100 மைக்ரான் வரை தடிமனாக உட்கார்ந்து, 180 முதல் 200 டிகிரி சூட்டில் உருகிப் பள்ளங்களை நிரப்பும்; ஆழம் குறைந்த எழுத்து அதற்குள் புதைந்துவிடும். சூடு தாங்கும் டேப்பை ஒட்டி மறைக்கச் சொல்லுங்கள். பிறகு அந்த இடத்துக்கு மட்டும் மெல்லிய கறுப்புப் பெயிண்ட் ஒரு கோட் போதும்.

எண் ஏற்கெனவே பாதி அழிந்திருந்தால், பக்கத்து லேத் பட்டறையில் எழுத்து உளியை வாங்கி நீங்களாகக் குத்தாதீர்கள். எவ்வளவு நல்ல எண்ணம் இருந்தாலும் அது எண்ணைத் திருத்திய குற்றமாகத்தான் பார்க்கப்படும். எழுத்தின் வடிவமும் வரிசையும் பழைய குத்தோடு ஒத்துப்போகாது. மோட்டார் வாகன ஆய்வாளரின் கண் அதைத்தான் முதலில் தேடும். அழிந்ததை அழிந்தபடியே காட்டி, பதிவேட்டு நகலோடு எழுத்தில் விண்ணப்பித்து, அலுவலகத்தின் உத்தரவு வந்தபின் அவர்கள் முன்னிலையில் குத்துவதுதான் வழி.

எஞ்சினுக்கும் இதே கவனம் வேண்டும். கிராங்க் கேஸ் வெடித்திருக்கிறது என்று பழைய இரும்புக் கடையில் வேறொன்று வாங்கிப் போட்டால், அதோடு வேறொரு வண்டியின் எண்ணும் சேர்ந்து வரும். அந்த வண்டி திருட்டுப் பட்டியலில் இருந்தால் வம்பு உங்கள் வாசலுக்கு வரும். வெடித்ததை அலுமினிய வெல்டிங்கில் சரிசெய்து பழைய கேஸையே வைத்துக்கொள்ளுங்கள், செலவு கூடினாலும். மாற்றியே ஆக வேண்டுமென்றால் மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவுப்படி பதிவு அதிகாரியின் அனுமதி பெற்று, விற்றவரிடம் ரசீதும் வாங்க வேண்டும். இன்னொன்றையும் பாருங்கள்: ஒரு காலத்தில் பெட்ரோல் செலவுக்குப் பயந்து புல்லட்டில் டீசல் எஞ்சின் மாட்டியவர்கள் நிறைய. உங்கள் வண்டியில் அப்படி மாற்றியிருந்தால் ஆர்.சி.யில் எரிபொருள் என்னவென்று எழுதியிருக்கிறது என்று பாருங்கள். எஞ்சின் ஒன்று, எழுத்து ஒன்று என்று இருந்தால் அதை முதலில் நேராக்க வேண்டும்.

இனி காகிதம். பாதி தின்ற புத்தகத்தை லேமினேட் செய்யாதீர்கள். லேமினேட் செய்ததில் அதிகாரி முத்திரை வைக்கவும் முடியாது, பின்னால் பிரிக்கவும் முடியாது. பக்கம் பக்கமாக ஸ்கேன் செய்து, அசலை ஒரு பிளாஸ்டிக் உறையில் போட்டு வையுங்கள். முதல் பதிவுத் தேதி இருக்கும் பக்கம் தப்பியிருந்தால் பெரிய அதிர்ஷ்டம். ஊரில் வண்டியின் வயதைக் கணக்கிடவும், சிங்கப்பூரில் தகுதியை நிரூபிக்கவும் அந்த ஒரு தேதிதான் அடிப்படை.

அடுத்தது பதிவேட்டு நகல். 1968-இல் மன்னார்குடி தஞ்சாவூர் மாவட்டத்தில் இருந்தது. திருவாரூர் தனி மாவட்டமானது 1997-இல்தான். ஆகவே மூலப் பதிவேட்டைத் தேட வேண்டிய இடம் தஞ்சாவூர் வட்டாரப் போக்குவரத்து அலுவலகம். இன்றைய எல்லைப்படி திருவாரூருக்குப் போய் நின்றால், "இங்கே அப்படி ஒரு எண் இல்லை" என்ற பதில்தான் வரும். பலர் அதோடு மனம் தளர்ந்து, வண்டிக்குக் காகிதமே கிடையாது என்று முடிவுகட்டிவிடுகிறார்கள். பழைய மூன்றெழுத்து எண்ணைச் சொல்லி, பதிவு விவர நகல் வேண்டுமென்று எழுத்தில் விண்ணப்பியுங்கள். பதில் இழுத்தடித்தால் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய்க் கட்டணத்தோடு மனுப் போடலாம். அந்த உரிமை இந்தியக் குடிமக்களுக்கு மட்டும் என்பதால், சிங்கப்பூர்க் குடியுரிமை பெற்ற அண்ணன் அக்கா யாரும் அதில் கையெழுத்திட வேண்டாம். ஊரில் இருக்கும் சித்தப்பா மகன் போடட்டும்.

நகல் வந்ததும் அதிலுள்ள எண்களை உங்கள் பென்சில் பிரிண்ட்டோடு எழுத்து எழுத்தாக ஒப்பிடுங்கள். கையால் எழுதிய பதிவேட்டில் 1 என்பது 7 ஆகவும், பூஜ்யம் ஆங்கில ஓ எழுத்தாகவும், 5 என்பது எஸ் எழுத்தாகவும் மாறியிருப்பது சாதாரணம். இந்தக் கட்டத்தில் திருத்தக் கேட்டால் ஒரு கடிதத்தில் முடியும். கணினியில் ஏறிய பிறகு கேட்டால் மாதக்கணக்கில் அலைய வேண்டியிருக்கும்.

ஏனென்றால் 1968-ஆம் ஆண்டு வண்டி 'வாகன்' கணினித் தளத்தில் பெரும்பாலும் இருக்காது. பழைய பதிவுகளைத் தளத்தில் ஏற்றும் வேலைக்கு பேக்லாக் என்ட்ரி என்று பெயர். மூலப் பதிவு எந்த அலுவலகத்தில் இருக்கிறதோ அங்கேதான் அது நடக்கும். பேக்லாக் ஏறாமல் பெயர்மாற்றம், புதுப்பித்தல், தடையில்லாச் சான்று எதற்கும் ஆன்லைனில் விண்ணப்பமே போட முடியாது. கேட்கும் எண்ணில் வண்டி இல்லை என்று திரை சொல்லிவிடும்.

கறையான் தின்ற புத்தகத்துக்குப் பதில் நகல் ஆர்.சி. வாங்கப் படிவம் 26. புத்தகம் தொலைந்தது என்று காவல்துறையில் புகார் கொடுத்துச் சான்று வாங்கச் சொல்லிச் சிலர் ஆலோசனை தருவார்கள். அது தேவையில்லை, பொய்யும்கூட. தொலைந்தது, அழிந்தது, கிழிந்தது, சிதைந்தது என்று படிவம் 26-இலேயே தனித்தனியாக இருக்கிறது. சிதைந்தது என்பதைக் குறித்து, மிச்சமிருக்கும் புத்தகத்தை இணைத்துவிடுங்கள். முழுப் புத்தகமும் காணாமல் போனவர்களுக்குத்தான் தமிழ்நாடு காவல்துறையின் ஆன்லைன் தொலைந்த ஆவண அறிக்கை வேண்டும்.

வாரிசு விஷயத்தில்தான் நேரம் போகும். பதிவு தாத்தா பெயரில். அவர் தவறியபோது அப்பா உயிரோடு இருந்தார், ஆகவே வண்டியில் அப்பாவுக்கு ஒரு பங்கு வந்து, 2015-இல் அது உங்கள் அம்மாவுக்கும் பிள்ளைகளுக்கும் இறங்கியிருக்கிறது. எனவே தாத்தாவுக்கு ஒன்று, அப்பாவுக்கு ஒன்று என இரண்டு வாரிசுச் சான்றிதழ்கள் வேண்டும். இ-சேவை மையம் வழியாக வட்டாட்சியருக்கு விண்ணப்பிக்கலாம். சித்தப்பா, அத்தை எல்லாரும் பட்டியலில் வர வேண்டும். கட்டிக்கொடுத்துப் போன அத்தைகளை விட்டுவிட்டு எழுதுவது இன்னும் பல வீட்டில் நடக்கிறது. 1956-ஆம் ஆண்டு இந்து வாரிசுரிமைச் சட்டத்தின் முதல் வகுப்பு வாரிசுகளில் மகளும் மகனுக்குச் சமமாக இருக்கிறார். விடுபட்ட ஓர் அத்தையின் பிள்ளை பத்து வருடம் கழித்து ஆட்சேபித்தாலும் பெயர்மாற்றம் கேள்விக்குள்ளாகும்.

அத்தனை வாரிசுகளும், யார் பெயருக்கு மாற்றுகிறோமோ அவருக்குத் தங்கள் ஆட்சேபம் இல்லை என்று முத்திரைத்தாளில் பிரமாணப் பத்திரம் எழுதி நோட்டரி முன் கையெழுத்திட வேண்டும். அதில் பதிவு எண், பிரேம் எண், எஞ்சின் எண் மூன்றும் இருக்கட்டும். இதோடு படிவம் 31. உரிமையாளர் இறந்தால் 30 நாளுக்குள் தகவல் சொல்லி, மூன்று மாதத்துக்குள் படிவம் 31 கொடுக்க வேண்டும் என்பது விதி. நீங்கள் முப்பது வருடம் தாமதம். தாமதக் கட்டணம் வரும், அதற்காக உரிமை போய்விடாது. இடைத்தரகர்கள் சிலர் படிவம் 29, 30 இரண்டிலும் தாத்தாவின் கையெழுத்தைப் போட்டு விற்பனையாகக் காட்டலாம், சீக்கிரம் முடியும் என்பார்கள். 1994-இல் இறந்தவர் இன்று கையெழுத்திடுவது போலி ஆவணம். வண்டியை நாளை ஏற்றுமதி செய்யும்போதோ விற்கும்போதோ அது வெளிச்சத்துக்கு வரும்.

யார் பெயருக்கு மாற்றுவது? உங்கள் பெயருக்கு வேண்டாம் என்பதே என் கருத்து. சட்டத்தின் 40-ஆம் பிரிவு, உரிமையாளர் வசிக்கும் அல்லது தொழில் செய்யும் இடத்தில், வண்டி வழக்கமாக நிற்கும் இடத்தை வைத்துப் பதிவைக் கேட்கிறது. உங்கள் முகவரி ஆங் மோ கியோ புளோக்கில் இருக்கும்போது, ஒவ்வொரு புதுப்பித்தலிலும் முகவரிச் சான்று தகராறாகும். ஊரில் இருக்கும் அம்மா பெயரிலோ சித்தப்பா மகன் பெயரிலோ இருந்தால் வேலை பாதியாகக் குறையும். சிங்கப்பூருக்குக் கொண்டுவர நினைத்தாலும், அவர் உங்களுக்குக் கொடுத்ததற்கான ஆவணம் இருந்தால் போதும். வீட்டுக்குள் யாருக்கு என்ன பங்கு என்பதைத் தனித் தாளில் எழுதி எல்லாரும் கையெழுத்திட்டு வைத்துக்கொள்ளுங்கள். 2021 ஏப்ரலிலிருந்து ஆர்.சி.யில் நாமினி பெயரையும் சேர்க்க விதி வந்துவிட்டது. பெயர்மாற்றத்தின்போதே அதையும் சேர்த்தால், அடுத்த தலைமுறைக்கு இந்த அலைச்சல் குறையும்.

நீங்கள் இங்கிருந்து செய்ய வேண்டியது உங்கள் பங்குக்கான ஆட்சேபமின்மைப் பத்திரமும், தேவைப்பட்டால் ஒரு பவர் பத்திரமும். இதற்கு இரண்டு வழி. கிரேஞ்ச் ரோட்டில் உள்ள இந்தியத் தூதரகத்தில் நேரில் கையெழுத்திட்டுச் சான்று பெறலாம். அல்லது சிங்கப்பூர் நோட்டரி முன் கையெழுத்திட்டு, சிங்கப்பூர்ச் சட்டக் கழகத்தில் அப்போஸ்டில் பெறலாம். சிங்கப்பூரில் அப்போஸ்டில் ஒப்பந்தம் 16 செப்டம்பர் 2021 முதல் நடப்பில் இருக்கிறது; இந்தியா அதற்கு முன்பே உறுப்பினர். சிங்கப்பூர்க் குடியுரிமை பெற்றுவிட்ட உடன்பிறப்புகளுக்கு இந்த இரண்டாவது வழி வசதி. பவர் கொடுப்பதென்றால் பொதுப் பவர் வேண்டாம். இந்த வண்டி, இந்த எண்கள், இந்த அலுவலகங்களில் விண்ணப்பிக்கவும் கையெழுத்திடவும் மட்டும் என்று எழுதிய சிறப்புப் பவர் போதும்.

பலர் தவறவிடும் இடம் அடுத்தது. வெளிநாட்டில் எழுதிய பவர் பத்திரம் இந்தியாவுக்கு வந்து சேர்ந்த மூன்று மாதத்துக்குள் அதற்குரிய முத்திரைத் தீர்வையைக் கட்ட வேண்டும். இந்திய முத்திரைச் சட்டத்தின் 18-ஆம் பிரிவு அப்படிச் சொல்கிறது. கூரியர் உறையைத் தூக்கிப் போடாதீர்கள். வந்து சேர்ந்த தேதிக்கு அதுதான் சாட்சி. மூன்று மாதம் தாண்டினால் புதிதாக ஒன்று எழுதி அனுப்புவதே எளிது.

இதெல்லாம் ஓடிக்கொண்டிருக்கும்போது, தேசியக் குற்றப் பதிவு ஆவணக் காப்பகத்தின் தளத்தில் பிரேம் எண்ணையும் எஞ்சின் எண்ணையும் போட்டு, திருட்டு வழக்கு எதிலும் இல்லை என்ற அறிக்கையை எடுத்துக்கொள்ளுங்கள். இருபது வருடம் கொல்லையில் கிடந்த வண்டி என்றாலும் தேவை. வரி பாக்கி இருக்கிறதா என்றும் கேட்டுக் கட்டிவிடுங்கள்.

வண்டியைச் சாலைக்குக் கொண்டுவர இரண்டு பாதைகள் இருக்கின்றன, இங்கேதான் தவறான தேர்வு அதிகம் நடக்கிறது. சாதாரணப் பதிவு 15 ஆண்டு செல்லும். அதன்பின் படிவம் 25-இல் விண்ணப்பித்து, ஆய்வில் தேறினால் ஐந்தைந்து ஆண்டாகப் புதுப்பிக்கலாம். 20 ஆண்டு கடந்த மோட்டார் சைக்கிளுக்கு இந்தக் கட்டணம் 2025 ஆகஸ்ட் முதல் 2,000 ரூபாய். இதோடு பசுமை வரியும் தாமதக் கட்டணமும் சேரும். இன்னொரு பாதை 2021 ஜூலையில் வந்த வின்டேஜ் விதிகள். முதல் பதிவிலிருந்து 50 ஆண்டு கடந்த, மூல வடிவம் மாறாத வண்டிக்கு இது உண்டு. பிரேமையோ எஞ்சினையோ வெட்டி மாற்றியிருந்தால் தகுதி போகும். புதிய பதிவுக் கட்டணம் 20,000 ரூபாய், பத்து ஆண்டு செல்லும், அதன்பின் மறுபதிவுக்கு 5,000 ரூபாய். ஏற்கெனவே எண் உள்ள வண்டி பழைய எண்ணையே வைத்துக்கொள்ளலாம். புதிதாகப் பதிவாகும் வண்டிக்கு 'வி.ஏ.' என்ற தனி எழுத்து வரும்.

வின்டேஜ் என்ற பேர் கவர்ச்சியாக இருக்கும். ஆனால் அந்தப் பதிவோடு வண்டியை அன்றாடம் ஓட்டக்கூடாது. கண்காட்சி, வின்டேஜ் பேரணி, ஆராய்ச்சி, பெட்ரோல் போடுவது, பழுதுபார்ப்பது, இவற்றுக்குப் போய்வருவது, அவ்வளவுதான். விடுமுறையில் மன்னார்குடியிலிருந்து கும்பகோணம் வரை போய் டிகிரி காபி குடித்துவிட்டு வர ஆசை என்றால், உங்களுக்குத் தேவை சாதாரணப் புதுப்பித்தல். பழைய வண்டிகளை வயதை வைத்தே ஓரங்கட்டும் டெல்லி வட்டாரத் தடை தமிழ்நாட்டில் இல்லை. வின்டேஜ் பாதை, இந்தியப் பதிவே இல்லாத இறக்குமதி வண்டிக்கும், கண்காட்சிக்கு மட்டும் வைத்திருப்பவர்களுக்கும் பொருந்தும்.

காலாவதியான பதிவின்மேல் பெயர்மாற்றத்தை மட்டும் தனியாகத் தள்ளப் பார்க்காதீர்கள். பேக்லாக், நகல் ஆர்.சி., வாரிசுச் சான்றிதழ்கள் ஆகியவற்றை வண்டி பிரிந்து கிடக்கும்போதே முடித்துக்கொள்ளுங்கள். படிவம் 31-ஐயும் படிவம் 25-ஐயும், வண்டி தன் சக்கரத்தில் நின்று ஓடும் நிலைக்கு வந்ததும் சேர்த்துக் கொடுங்கள். ஆய்வாளர் பார்ப்பது பளபளப்பை அல்ல. எண்கள், பிரேக், ஹெட்லைட், பிரேக் லைட், ஹாரன், டயர், சைலன்சர் சத்தம், நிறம். ஆர்.சி.யில் கறுப்பு என்று இருக்கும் வண்டிக்குச் சிவப்பு அடித்துக்கொண்டு போனால் அதுவும் மாற்றம்தான், பதிவில் ஏற வேண்டும். ஆறு வோல்ட் டைனமோ மெதுவாக ஓடும்போது சரியாக மின்சாரம் தராது; ஆய்வுக்கு முதல் நாள் பேட்டரியைத் தனியாகச் சார்ஜ் செய்து வையுங்கள், இல்லாவிட்டால் ஹாரன் முனகும். மூன்றாம் தரப்புக் காப்பீடு இல்லாமல் எதுவும் நகராது. உங்கள் எஞ்சின் 346 சிசி. 150-க்கு மேல் 350 சிசி வரையிலான பிரிவுக்கு 2022-இல் நிர்ணயித்த ஆண்டுக் கட்டணம் 1,366 ரூபாய், வரி தனி.

ஊரில் ஓட்டச் சிங்கப்பூர் உரிமம் மட்டும் போதாது; சிங்கப்பூர் ஆட்டோமொபைல் சங்கத்தில் அனைத்துலக ஓட்டுநர் அனுமதி எடுத்துக்கொள்ளுங்கள், ஓராண்டு செல்லும். இங்கே கிளாஸ் 2பி 200 சிசி வரைதான். 346 சிசிக்குக் கிளாஸ் 2ஏ வேண்டும். இன்னொன்று: அந்தக் காலப் புல்லட்டில் கியர் வலது காலில், பிரேக் இடது காலில். இங்கத்துப் பழக்கத்தில் அவசரத்துக்கு வலது காலை அழுத்தினால் பிரேக் பிடிக்காது, கியர்தான் மாறும். முதல் சில நாள் வயலோரச் சாலையில் பழகிவிட்டு ஊருக்குள் வாருங்கள்.

இப்போது சிங்கப்பூர். 1968-ஆம் ஆண்டு வண்டியைச் சாதாரண மோட்டார் சைக்கிளாக இங்கே பதிவு செய்ய முடியாது. 200 சிசிக்கு மேற்பட்ட புதிய பதிவுகளுக்கு 2018-இலிருந்து யூரோ 4 புகைத் தரம் வேண்டும், புல்லட் அந்தப் பக்கமே போகாது. 1 ஜனவரி 1940-க்கு முன் தயாரான வண்டிகளுக்கான வின்டேஜ் திட்டத்திலும் அது வராது. உங்களுக்குத் திறந்திருக்கும் ஒரே கதவு நிலப் போக்குவரத்து ஆணையத்தின் கிளாசிக் வாகனத் திட்டம். முதல் பதிவிலிருந்து குறைந்தது 35 ஆண்டு ஆகியிருக்க வேண்டும். சி.ஓ.இ. (வண்டி வைத்திருக்க ஏலத்தில் எடுக்கும் உரிமைச் சான்று) விஷயத்தில் இதில் சலுகை உண்டு. பதிலுக்கு ஆண்டில் 45 நாள் மட்டுமே சாலையில் ஓட்டலாம். வேலைக்குப் போய்வர இது உதவாது. ஞாயிற்றுக்கிழமைக் காலைகளுக்குப் போதும்.

35 ஆண்டை நிரூபிக்க, முதல் பதிவுத் தேதி உள்ள ஆவணத்தை ஆணையம் கேட்கும். இதற்காகத்தான் தஞ்சாவூர்ப் பதிவேட்டு நகலுக்கு அத்தனை பாடு. ஊரில் பதிவை ஒப்படைப்பதற்கு முன் ஆர்.சி.க்கும் பதிவேட்டு விவரத்துக்கும் சான்றிட்ட நகல்கள் இரண்டிரண்டு வாங்கி வையுங்கள். ஒப்படைத்த பிறகு கேட்டால் கிடைப்பது கடினம். 100 ஆண்டைத் தாண்டாததால் இந்தியத் தொல்பொருள் சட்டம் ஏற்றுமதியில் குறுக்கே வராது.

வரிக் கணக்கு இப்படி. மோட்டார் சைக்கிளுக்குச் சிங்கப்பூர்ச் சுங்கத் துறையின் கலால் தீர்வை 12 விழுக்காடு, அதன்மேல் பொருள் சேவை வரி 9 விழுக்காடு. கப்பல் கட்டணமும் காப்பீடும் சேர்ந்த மதிப்பு 4,000 வெள்ளி என்று வையுங்கள். கலால் 480 வெள்ளி. 4,480-க்கு 9 விழுக்காடு 403 வெள்ளி 20 காசு. இரண்டும் சேர்ந்து 883 வெள்ளி 20 காசு. தாத்தாவின் வண்டி, விலை கொடுத்து வாங்கவில்லை என்று சொல்வதால் மதிப்பு பூஜ்யமாகிவிடாது, சுங்கத் துறை மதிப்பிடும். புதுப்பிக்கும் முன் கொண்டுவந்தால் மதிப்பு குறையுமே என்று கணக்குப் போடுவார்கள். ஆனால் ஆய்வில் தேறாத வண்டியைப் பதிவு செய்ய முடியாது, பதிவில்லாத வண்டியை வீவக (அரசு அடுக்குமாடி) கார்ப்பேட்டையில் வைத்து மாதக்கணக்கில் பிரித்துக்கொண்டிருக்கவும் முடியாது. மன்னார்குடியில் பட்டறைக் கூலி குறைவு, உதிரிபாகமும் பக்கத்தில். அங்கே முழுக்க முடித்துவிட்டு அனுப்புவதே நல்லது. இந்தியாவும் இடப்பக்கம் ஓட்டும் நாடு என்பதால் ஹெட்லைட் கண்ணாடியை மாற்ற வேண்டியதில்லை. பழைய பிரேக் ஷூவில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கும், அது இல்லாத ஷூவாக ஊரிலேயே மாற்றிவிடுங்கள்.

வரிசை முக்கியம். முதலில் ஆவணங்களின் நகலோடு நிலப் போக்குவரத்து ஆணையத்துக்கு எழுதி, கிளாசிக் திட்டத்துக்குத் தகுதி உண்டு என்ற பதிலையும் கட்ட வேண்டிய கட்டணங்களின் விவரத்தையும் எழுத்தில் வாங்குங்கள். அதன்பின் காப்பீட்டு நிறுவனத்தைக் கேளுங்கள். 1968-ஆம் ஆண்டு வண்டி என்றதும் பல நிறுவனங்கள் தயங்கும், காப்பீடு இல்லாமல் பதிவும் இல்லை. இரண்டும் கைக்கு வந்த பிறகே சென்னைத் துறைமுகத்தில் கப்பல் முகவரிடம் முன்பணம் கொடுங்கள். வண்டியைத் துறைமுகத்தில் இறக்கிவிட்டு அனுமதிக்கு அலைந்தால், கிடங்கு வாடகை தாத்தா வண்டி வாங்கிய விலையைத் தாண்டிவிடும்.

1 ஜூலை 2003-க்கு முன் பதிவான மோட்டார் சைக்கிள்கள் 30 ஜூன் 2028-க்குப் பிறகு சிங்கப்பூர்ச் சாலையில் ஓடக்கூடாது என்ற விதியைக் கேட்டுப் பயப்பட வேண்டாம். கிளாசிக், வின்டேஜ் திட்டங்களில் பதிவான வண்டிகளுக்கு அது பொருந்தாது. ஆனால் இந்த அலைச்சலே வேண்டாம், இங்கேயே ஒரு பழைய வண்டியை வாங்கிவிடலாம் என்று தோன்றினால் அந்த விதியை மறக்காதீர்கள். சாதாரணப் பதிவில் இருக்கும் பழைய வெஸ்பாவுக்கும் ஹோண்டாவுக்கும் அந்தத் தேதிதான் கடைசி. சி.ஓ.இ. முடிந்து பதிவு நீக்கப்பட்ட வண்டியை, "லாக் கார்டு (பதிவு விவரத் தாள்) பிரிண்ட் இருக்கிறது, புதுப்பித்துக்கொள்ளலாம்" என்று யாராவது விற்றால் வாங்க வேண்டாம். அதைத் திரும்பச் சாதாரணமாகப் பதிவு செய்ய வழியில்லை. ஐந்தாண்டுக்குப் புதுப்பித்த சி.ஓ.இ.யை மறுபடி நீட்டிக்கவும் முடியாது.

குறுக்கு வழியாக அடிக்கடி காதில் விழும் யோசனைகள் இரண்டு. ஒன்று, வண்டியைப் பிரித்து உதிரிபாகம் என்று எழுதி அனுப்பி இங்கே பூட்டிக்கொள்வது. எண் குத்திய பிரேமும் எஞ்சினும் ஒன்றாக வந்தால் அது உதிரிபாகம் என்று சுங்கத் துறையை நம்பவைக்க முடியாது. தவறான அறிவிப்புக்கு வழக்கு வரும், அப்படி வந்த வண்டியைப் பிறகு பதிவும் செய்ய முடியாது. இன்னொன்று, பக்கத்து மலேசியாவின் ஜொகூரில் யார் பெயரிலாவது பதிந்து வைத்து வார இறுதியில் பாலம் தாண்டி ஓட்டி வருவது. சிங்கப்பூர்க் குடிமக்களும் நிரந்தரவாசிகளும் வெளிநாட்டுப் பதிவு வண்டியைச் சிங்கப்பூரில் ஓட்டக்கூடாது, வண்டி யாருடையதாக இருந்தாலும் சரி. ஜொகூரிலேயே ஓட்டிவிட்டு ஜொகூரிலேயே நிறுத்திவிட்டு வருவது வேறு கதை. ஆனால் அதற்கு மலேசியப் பதிவு வேண்டும், அங்கேயும் முதலில் கேட்கப்போவது அந்தத் தலைக்குழாய் எண்ணைத்தான்.